பெட்டியை நாமே அடுக்குவோம்

வயது ஏற ஏற, முடிவெடுக்கும் வேலை நம் கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிடுகிறது. யாரும் பிடுங்குவதில்லை, அன்பினால் வாங்கிக்கொள்கிறார்கள். கரண்ட் பில்லை மகன் வெளியூரிலிருந்தே கட்டிவிடுகிறான். மாத்திரைகளை மகள் போனிலேயே ஆர்டர் போட்டு வீட்டுக்கு வரவழைக்கிறாள். எந்தக் கல்யாணத்துக்குப் போவது, எந்த வண்டியில் போவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதையெல்லாம் மற்றவர்கள் பேசி முடித்து நமக்குச் சொல்கிறார்கள். ஒருநாள் யாராவது "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டால், "எதுவானாலும் சரி" என்ற பதில்தான் வாயில் வருகிறது. அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லியே, நமக்கு என்ன வேண்டும் என்பதே நமக்குத் தெரியாமல் போகிறது.

புதுச்சேரி அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கணவர் காலமாகிவிட்டார். மகன் பெங்களூரில், மகள் பிரான்சில். முத்தியால்பேட்டை வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். என் வயதுக்காரர்கள் பலருடைய நிலைமையும் இதுதான். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தனியாக ஒரு சொகுசுக் கப்பலில் ஏறி, சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் வரை போய்த் திரும்பினேன். கடல் பெரிய இன்பத்தைத் தந்தது. அதைவிடப் பெரிய நன்மை கிளம்புவதற்கு முந்தைய வாரங்களில் கிடைத்தது. பணம், காகிதம், மருந்து, உடை, நேரம் என்று கைவிட்டுப் போயிருந்த முடிவுகளை ஒவ்வொன்றாக நானே திரும்ப எடுத்துக்கொண்டேன்.

நம் ஊருக்குக் கப்பல் புதிதில்லை

1736-ல் புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் பக்கங்களில் கப்பல்கள் அடிக்கடி வந்து போகின்றன. எது வந்தது, யார் இறங்கினார்கள், என்ன சேதி கொண்டுவந்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு அன்றாடக் கவலை. பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க இங்கே இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சலங்குப் படகுகள் அலையைத் தாண்டிப் போய் ஆட்களையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவரும். பிற்காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் கடலுக்குள் ஒரு பாலம் கட்டினார்கள். அதை 1952 புயல் கொண்டுபோயிற்று.

இந்தக் கடற்கரையிலிருந்து கப்பலேறியவர்கள் பெரும்பாலும் வேறு வழியில்லாமல் ஏறியவர்கள். 1853-ல் 'ஒரேலி' என்ற கப்பல் பிரெஞ்சிந்தியக் கூலித் தொழிலாளர்களைக் கரும்புத் தோட்டங்களுக்காக மார்த்தினிக் தீவில் இறக்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப் தீவில் இன்னொரு கூட்டத்தை இறக்கியது. ரெயூனியனுக்கும் போனார்கள். பிறகு பிரெஞ்சு அரசாங்க வேலைக்காக சைகோன் போனார்கள். நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜுலா' கப்பலில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் எத்தனையோ பேர். 1910 ஏப்ரல் 4 அன்று 'துய்ப்ளே' கப்பலில் கல்கத்தாவிலிருந்து புதுச்சேரி வந்து இறங்கிய அரவிந்தரும், பிரிட்டிஷ் போலீஸுக்கு எட்டாமல் விலகி வந்தவரே. பிழைப்பு, வேலை, தலைமறைவு என்று ஏதோ ஒன்று துரத்தித்தான் நம்மவர்கள் கடலில் கால் வைத்தார்கள். கடலைப் பார்ப்பதற்காகவே கடலில் போகும் வாய்ப்பு, அதுவும் நடுத்தரக் குடும்பத்து முதியவர்களுக்கு, நம் காலத்தில்தான் வந்திருக்கிறது. அதை வீணாக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் 'கோர்டேலியா' நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பலைக் கொடியசைத்து அனுப்பினார். 1990-ல் பிரான்சின் சேன் நஸேர் கப்பல் கட்டும் தளத்தில் உருவான கப்பல் அது. பதினொரு தளங்கள், ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல் பயணம் செய்யலாம். அந்த ஆண்டு புதுச்சேரிக்கு வருவதற்கு நம் அரசு அனுமதி தரவில்லை. 2025 ஜூலையில் வந்தபோது, ஆனந்தரங்கப் பிள்ளை காலத்து முறையிலேயே கப்பல் கடலில் நின்றுகொண்டது. பயணிகள் சிறு படகுகளில் ஏறி உப்பளம் துறைமுகத்துக்கு வந்தார்கள். கப்பலில் சூதாட்டக்கூடம் இருப்பதைக் கண்டித்து ஊரில் எதிர்ப்பும் எழுந்தது. அந்தக் கவலை நியாயமானது. சூதாட்டத்தால் அழிந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். நான் சொல்லும் பயணத்துக்கு அந்தக் கூடத்தின் வாசலைக்கூட மிதிக்க வேண்டியதில்லை. கப்பலில் எங்கே போவது, எங்கே போகாமல் இருப்பது என்பதும் நம் முடிவுதான்.

கேட்பது வேறு, சொல்வது வேறு

முதல் தயாரிப்பு குடும்பத்தாரிடம் பேசுவது. அனுமதி கேட்கும் குரலில் ஆரம்பித்தால், அன்பின் பேரால் மறுப்புத்தான் வரும். "போகலாமான்னு யோசிக்கிறேன்" என்று இழுக்காமல், தேதி, கப்பல், செலவு எல்லாவற்றையும் விசாரித்து வைத்துக்கொண்டு "போகப் போறேன்" என்று சொல்ல வேண்டும்.

என் மகள் வீடியோவில் பதறினாள். "தனியாவாம்மா? நடுக்கடல்ல ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பாப்பாங்க?"

"கப்பல்ல ராத்திரி பகல் டாக்டர், நர்ஸ் இருப்பாங்கம்மா. இந்த வீட்ல ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதாச்சும் ஆனா யாரு பாப்பாங்க?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அவள் கேட்ட கேள்விகள் உபயோகமானவை. இன்சூரன்ஸ் எடுத்தாயா? சர்க்கரை மாத்திரை எத்தனை நாளைக்குக் கையில் இருக்கிறது? கப்பல் பெயர், அறை எண், பயண நிறுவனத்தின் தொலைபேசி எண் எல்லாம் எங்களுக்குத் தெரிய வேண்டாமா? இப்படிப் பயத்தைக் கேள்விகளாக மாற்றிவிட்டால் பிள்ளைகள் நமக்குத் துணையாகிவிடுகிறார்கள். அவர்களிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவையுங்கள்: கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் போன் சிக்னல் போய்விடும். கப்பலின் இணையத்துக்குத் தனிக் கட்டணம். சில மணி நேரம், சில சமயம் ஒரு முழு நாள்கூட நம் குரல் கேட்காது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம். போனை விமானப் பயண நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். கடலில் கப்பலின் செல்போன் சேவையோடு அது தானாக இணைந்துவிட்டால் பில் எகிறிவிடும்.

காகிதமும் காசும்

நம்மவர்களுக்குத் தலைவலி பெயரில் இருக்கிறது. ஒரு அட்டையில் தலைப்பெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால், கடவுச்சீட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து நிற்கும். டிக்கெட்டில் போடும் பெயர், நாம் கையில் கொண்டுபோகும் அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். இந்தியத் துறைமுகங்களுக்குள் போகும் பயணத்துக்கு அரசு தந்த புகைப்பட அடையாள அட்டை இருந்தால் இந்தியக் குடிமக்களுக்குப் போதும். 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டதுபோல இலங்கைக்குப் போவதானால், குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டும் இலங்கையின் பயண அனுமதியும் வேண்டும். நம் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள முதியவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு ஓ.சி.ஐ. அட்டையையும் கட்டாயம் எடுத்துப் போக வேண்டும். இலங்கையில் இறங்கிவிட்டு இந்தியாவுக்குள் திரும்பும்போது அதைத்தான் கேட்பார்கள்.

பணத்தில் தனியாகப் போகிறவர்களுக்கு ஒரு பாதகம் உண்டு. கப்பல் கட்டணத்தை ஓர் அறையில் இரண்டு பேர் என்ற கணக்கில்தான் போடுகிறார்கள். ஒருவர் மட்டும் தங்கினால் காலியான இடத்துக்கும் சேர்த்து ஒரு தொகை கட்ட வேண்டியிருக்கும். சில சமயம் அது இன்னொரு முழுக் கட்டணத்தை நெருங்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் தொகையை நம்பிப் போகாதீர்கள். "தனி ஆளுக்கு, துறைமுகக் கட்டணம், ஜி.எஸ்.டி., சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? பயணத்தை ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும்?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். சாப்பாடு கட்டணத்தில் அடங்கும். குளிர்பானம், மது, இணையம், கரையில் சுற்றிக்காட்டும் பயணம் இவற்றுக்கெல்லாம் பொதுவாகத் தனிப் பணம். கப்பலுக்குள் ரொக்கம் நடமாடுவதில்லை. அறைக் கதவைத் திறக்கும் அட்டையிலேயே கணக்கு ஏறிக்கொண்டிருக்கும். தினமும் ஒருமுறை வரவேற்பு மேசைக்குப் போய் அன்றுவரை எவ்வளவு என்று கேட்டுக்கொண்டேன். பல வருடங்களுக்குப் பிறகு என் செலவுக் கணக்கை நானே ஒரு நோட்டில் எழுதினேன். அந்த நோட்டை ஊருக்கு வந்த பிறகும் நான் நிறுத்தவில்லை.

எந்த அறை, எந்த மாதம்

அறையில் மூன்று வகை: ஜன்னல் இல்லாத உள்ளறை, கடல் தெரியும் கண்ணாடி ஜன்னல் உள்ளது, பால்கனி உள்ளது. முதல் பயணத்துக்கு உள்ளறையே போதும் என்று பலர் சொல்வார்கள், விலையும் குறைவு. எனக்குக் காலையில் கண் விழித்ததும் வெளிச்சம் வேண்டும். அதனால் ஜன்னல் உள்ள அறையை எடுத்து, கரைச் சுற்றுலாவை விட்டுவிட்டேன். எதற்குச் செலவு செய்வது, எதை விடுவது என்று அவரவர் மனசைக் கேட்டுத் தீர்மானியுங்கள். வகை எதுவானாலும், கீழ்த் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள். சீசா பலகையில் ஓரத்தில் இருப்பவர் எழும்பி இறங்கும்போது நடுவில் இருப்பவர் அதிகம் அசைவதில்லை. கப்பலிலும் அதே கணக்குத்தான். மின்தூக்கிக்குப் பக்கத்து அறை முழங்கால் வலிக்காரர்களுக்கு நல்லது.

மாதத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயலையும் 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயலையும் வாசலில் நின்று பார்த்தவர்கள் நாம். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வங்காள விரிகுடாவை நம்பிப் பயணம் போட வேண்டாம். தை, மாசி, பங்குனியில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஜூன் முதல் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலைக் கொந்தளிக்க வைக்கும். சென்னையிலிருந்து கப்பல் விட்ட செய்திகள் பெரும்பாலும் அந்த மாதங்களில் வந்ததைக் கவனித்திருப்பீர்கள். அப்போது நம் பக்கக் கடலில் அலை ஓரளவு இருக்கும், மழை குறைவு.

உடம்பைக் கேட்டுக்கொண்டு

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். இதயம், சர்க்கரை, இரத்த அழுத்தம் எதுவானாலும், என்ன மருந்து, எவ்வளவு என்று எழுதிய சீட்டு ஒன்றை அவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குமட்டலுக்கு நீங்களாக மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். அந்த மாத்திரைகளில் பல தூக்கத்தையும் தலைசுற்றலையும் தருபவை, வயதானவர்கள் விழுந்துவிடுவார்கள். எது உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கடல் குமட்டல் ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போகும். காதின் உட்புறத்தில் நம் சமநிலையைக் கவனிக்கும் உறுப்பு இருக்கிறது. நாலு சுவருக்குள் இருக்கும்போது, எதுவும் அசையவில்லை என்று கண் சொல்லும்; அசைகிறோம் என்று காது சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாதபோது வயிறு புரளுகிறது. மேல் தளத்துக்கு வந்து, காற்று முகத்தில் பட, கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றால் கண்ணும் காதும் ஒரே சேதியைச் சொல்லும். வெறும் வயிறு ஆகாது. வயிறு முட்டவும் தின்னக் கூடாது. படிப்பதையும் போன் பார்ப்பதையும் கொஞ்சம் நிறுத்துங்கள். இஞ்சி பலருக்குக் கேட்கிறது.

இரண்டாவது எதிரி வயிற்றுப்போக்கு. நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே இடத்தில் சாப்பிடும் கப்பலில் நோரோ வைரஸ் சீக்கிரம் பரவும். கைக்குத் தடவும் சானிடைசரை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பெட்டி

பெட்டியை வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள். உதவிக்கு ஆள் இருந்தாலும், எது எங்கே இருக்கிறது என்று கப்பலில் தேடப் போகிறவர் நீங்கள்தான். துறைமுகத்தில் பெரிய பெட்டியை வாங்கிக்கொள்வார்கள். அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். ஆகவே மருந்து, மூக்குக்கண்ணாடி, காகிதங்கள், போன் சார்ஜர், ஒரு மாற்றுத் துணி இவ்வளவும் தோளில் மாட்டும் கைப்பையில் இருக்க வேண்டும். மேல் தளத்தில் உப்புக்காற்றின் ஈரம் படியும். வழுக்காத ரப்பர் அடிச் செருப்பு அவசியம். உள்ளே ஏசி குளிரும், ஒரு சால்வை வேண்டும். தளத்துக்குப் போகும் சில கதவுகளின் அடியில் உயரமான வாசல்படி இருக்கும். புடவையில் போகிறவர்கள் கொசுவத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டுவது நல்லது. நான் காலையில் சுடிதாரும் மாலையில் புடவையும் உடுத்தினேன். இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சுடவைக்கும் மின்கெண்டி போன்றவற்றைத் தீ பயத்தால் கப்பலில் விடமாட்டார்கள்.

முதலில் கொஞ்சம் பழகிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நம் பக்கத்திலேயே வழி இருக்கிறது. சுண்ணாம்பாறு படகுக் குழாமிலிருந்து பாரடைஸ் கடற்கரை வரை போய் வாருங்கள். அடுத்தது காரைக்கால் வழியாக நாகப்பட்டினம். அங்கிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் சேவை, 2024 ஆகஸ்டிலிருந்து 'சிவகங்கை' கப்பலோடு மறுபடி நடந்தது. ஏறக்குறைய நாலு மணி நேரப் பயணம். கிளம்பும் முன் அன்றைய அட்டவணையை விசாரித்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து அந்தமானுக்கு இரண்டு நாளைக்கு மேல் எடுக்கும் அரசுப் பயணிகள் கப்பலும் உண்டு. அதில் ஆடம்பரம் இல்லை. கடல் அதே கடல்.

கப்பலில் முதல் மணி நேரம்

ஏறியதும் சாப்பாட்டுக் கூடத்தைத் தேடாதீர்கள். முதலில் உங்கள் அறையிலிருந்து உயிர்காக்கும் படகு இருக்கும் இடத்துக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். கதவுகளை எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு பாதுகாப்புப் பயிற்சிக்கு அழைப்பார்கள். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் ஆபத்து, உடனே குறிப்பிட்ட இடத்தில் கூட வேண்டும் என்று பொருள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே 'கோஸ்டா கான்கார்டியா' கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்றைக்கு ஏறிய பயணிகள் பலருக்கு அந்தப் பயிற்சி நடக்கவே இல்லை. அதன் பிறகுதான், கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்று 2015 முதல் உலகச் சட்டம் வந்தது. இளைஞர்கள் செல்பி எடுத்துக்கொண்டு நிற்பார்கள். நாம் கவனமாகக் கேட்போம். தனியாக வந்தவருக்குப் பக்கத்தில் எழுப்பிவிட ஆள் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

அறையைக் கவனிக்கும் ஊழியரிடம் முதல் நாளே பெயர் கேட்டு அறிமுகம் செய்துகொண்டேன். "தம்பி, நான் தனியா வந்திருக்கேன். காலையில ஒன்பது மணிக்கு மேல என்னை வெளியில பாக்கலைன்னா கதவைத் தட்டுப்பா" என்று சொல்லிவைத்தேன். அவர் ஒவ்வொரு நாளும் மறக்காமல் கவனித்தார். தனியாகப் போவதற்குப் பெரிய துணிச்சல் வேண்டும் என்று நினைக்கிறோம். தேவைப்படுவது வேறு: தயங்காமல் உதவி கேட்கும் பழக்கம். படகிலிருந்து கப்பலுக்கு மாறும்போது கை நீட்டி "பிடிச்சுக்கோப்பா" என்று சொல்பவர் விழுவதில்லை. உதவியை எப்போது, யாரிடம், எவ்வளவு கேட்பது என்று தானே தீர்மானிப்பவர் யாருக்கும் பாரமாவதும் இல்லை.

சாப்பாட்டுக் கூடத்தில்தான் தனி ஆளுக்கு மனசு கொஞ்சம் கூசும். எல்லா மேசையிலும் குடும்பம். ஓரமாக உட்கார்ந்து அவசரமாகத் தின்றுவிட்டு ஓடாதீர்கள். "தனியா வந்தவங்களோட சேர்ந்து உட்கார இடம் இருக்கா?" என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். எனக்குக் கும்பகோணத்திலிருந்து வந்த ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவரும், ராஜமுந்திரியிலிருந்து வந்த ஓர் அம்மாவும் கிடைத்தார்கள். மூன்று பேரும் ஒரு வேளை சேர்ந்து சாப்பிடுவோம், அடுத்த வேளை அவரவர் இஷ்டம் என்று வைத்துக்கொண்டோம். பழகுவதற்கும் விலகி இருப்பதற்கும் இடம் வைத்துக்கொண்ட அந்த நட்பு எனக்கு நிறைவாக இருந்தது.

கடலோடு இருப்பது

கப்பலில் காலையிலிருந்து இரவு வரை ஏதாவது நிகழ்ச்சி நடந்துகொண்டே இருக்கும். பாட்டு, ஆட்டம், மாயாஜாலம், நீச்சல் குளம். பணம் கட்டியாயிற்றே என்று எல்லாவற்றையும் பார்க்க ஓடினால் களைப்புத்தான் மிஞ்சும். ஒரு நாளைக்கு ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்தேன். மிச்ச நேரத்தைக் கடலுக்குக் கொடுத்தேன்.

கடற்கரைச் சாலையில் இத்தனை வருடமாக நடந்து, கடலைத் தெரியும் என்று நினைத்திருந்தேன். கரையில் பார்ப்பது கடலின் ஓரத்தை. நடுக்கடலில் நிறமே வேறு. மையைக் கரைத்துவிட்ட நீலம். கப்பலின் முன்பக்கத்திலிருந்து கோலா மீன்கள் கூட்டமாக எழும்பி, தண்ணீரை ஒட்டிப் பறந்து, மறுபடி உள்ளே போயின. வைத்திக்குப்பத்து மீனவப் பெண்களிடம் கோலா வாங்கிச் சமைத்திருக்கிறேன். அது பறந்து அன்றுதான் பார்த்தேன். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அண்ணன் "ஓங்கில் வந்தா கடல் நல்லாருக்குன்னு அர்த்தம்மா" என்பார். அந்த டால்பின்களும் ஒரு மாலையில் கூட வந்தன. விடியலில் சூரியன் தண்ணீரிலிருந்து எழுவதையும், மாலையில் அதே தண்ணீருக்குள் இறங்குவதையும் ஒரே நாளில் பார்க்கும் வாய்ப்பு கிழக்குக் கரைக்காரர்களுக்குக் கப்பலில் கிடைக்கிறது. விசாகப்பட்டினத்தை நெருங்கும்போது 'டால்பின் மூக்கு' என்ற குன்று கடலுக்குள் நீண்டு நிற்கிறது. அதை ஒட்டிய கால்வாய் வழியாகக் கப்பல் மெதுவாக உள்ளே நுழைவதைப் பார்க்க, மேல் தளத்தில் முன்கூட்டியே இடம் பிடித்துக்கொண்டேன்.

பகலில் நீண்ட நேரம் வேலை எதுவும் இருக்காது. அந்த வெறும் நேரத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். உலகம் சுற்றிய தமிழர் ஏ.கே. செட்டியார் 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோதுதான் காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. நாடு நாடாகத் தேடிப் படச்சுருள்களைச் சேகரித்து 1940-ல் அந்தப் படத்தை வெளியிட்டார். நமக்கு அவ்வளவு பெரிய எண்ணம் தோன்ற வேண்டியதில்லை. போன் அடிக்காத, அடுப்பு காத்திராத சில மணி நேரம் கிடைத்தால், நாம் தள்ளிப்போட்ட காரியங்கள் தாமாக மேலே வரும். எனக்குக் கணவர் நினைவு வந்தது. அழுதேன். அழுது முடித்த பிறகு, அவர் இறந்ததிலிருந்து திறக்காமல் வைத்திருந்த புத்தக அலமாரியை ஒழுங்கு செய்து, வேண்டியவற்றை வைத்துக்கொண்டு, மிச்சத்தை ஏதாவது ஒரு பள்ளி நூலகத்துக்குக் கொடுத்துவிடுவது என்று அங்கேயே தீர்மானித்தேன்.

திரும்பிய பிறகு

சென்னையில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் மகனைக் கூப்பிட்டு, கரண்ட் பில்லை இனி நானே கட்டிக்கொள்கிறேன் என்றேன். முதலில் சங்கடப்பட்டான், பிறகு எப்படி என்று போனிலேயே கற்றுத் தந்தான். மாத்திரைகளை நானே கணக்குப் பார்த்து வாங்குகிறேன். மகளோடு பேசும்போது என் உடம்பைப் பற்றி விசாரிப்பது குறைந்து, நாங்கள் இருவரும் படித்ததையும் பார்த்ததையும் பற்றிப் பேசுவது கூடியிருக்கிறது. பிள்ளைகளின் அன்பு எனக்கு இப்போதும் வேண்டும். அந்த அன்பின் சுமையை என்னால் முடிந்த மட்டும் குறைப்பது, நான் அவர்களுக்குத் திருப்பித் தரக்கூடிய அன்பு.

எல்லோருக்கும் கப்பல் கட்டாது. பணம் இடம் கொடுக்காது, அல்லது உடம்பு. அப்படிப்பட்டவர்கள் ரயிலில் போகலாம், பேருந்தில் ஒரு கோயிலுக்குப் போகலாம். எங்கே போனாலும் இதை மட்டும் கடைப்பிடியுங்கள்: சீட்டை நீங்களே எடுங்கள், பெட்டியை நீங்களே அடுக்குங்கள், என்ன சாப்பிடுவது என்பதை நீங்களே சொல்லுங்கள். கப்பலில் போக முடிகிறவர்கள் அடுத்த தை மாதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே அடையாள அட்டைகளை மேசையில் பரப்பி, எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருத்த விண்ணப்பம் கொடுங்கள். அதற்குத்தான் நாள் பிடிக்கும். மற்றவை எல்லாம் அதன் பின்னால் வந்துவிடும்.